பொன்னாடை போர்க்கச் சொன்ன மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை என்னை ரெக்ஸ்டேல்ல என்ர வீட்டடியில கொண்டுவந்து இறக்கிவிட்டிட்டு, கார்க் கண்ணாடியைக் கீழ இறக்கி, "யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா" எண்டு சொல்லிப்போட்டுப் போனனி. நான் லிஃப்டில ஏற முந்தியே யோசிச்சு முடிஞ்சுது. ஆனால் உனக்கு வாயால சொல்ல என்னால ஏலாது. நீ கெதியாக் கதைக்கிறாய். ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால நாலு இங்கிலிஸ் சொல்லு வருது. முதல் சொல்லை நான் பிடிச்சு வைச்சுக்கொண்டு நிற்க, நீ அடுத்த சந்தியால திரும்பிப் போயிடுவாய். பிறகு "ஓகே அம்மா, லவ் யூ" எண்டு போனை வைச்சிடுவாய். அதால எழுதிறன். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான் எண்டு உனக்குத் தெரியும். பிழை இருந்தால் இருக்கட்டும். இதில ஒரு பிரதியைத் தமிழ்க்கடை வாசலில சும்மா எடுக்கச்சொல்லி அடுக்கி வைச்சிருக்கிற பேப்பர்க்காரரிட்டயும் குடுத்திட்டன். உனக்கு மட்டும் எழுதினால் நீ மடிச்சு மேசை லாச்சிக்குள்ள வைச்சிடுவாய். அந்தப் பேப்பரிலதானே உங்கட கூட்டத்துக்கு அரைப் பக்கம் விளம்பரம் போட்டனீங்கள். அதுக்குப் பக்கத்தில எனக்கும் ஒரு துண்டு இடம் தாங்கோ எண்டு கேட்டன். அந்தப் பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்திட்டு, "சரி அன்ரி" எண்டான்.

பேப்பரில வாசிக்கிற ஆக்களுக்கும் விளங்கவேணும், அதால விசயத்தை முதல்லயே சொல்லிப்போடுறன். என்ர மகனும் அவன்ர சிநேகிதரும் மார்க்கம் நகரத்தில ஒரு அமைப்பு வைச்சிருக்கினம். எல்லாம் நல்ல உத்தியோகத்தில இருக்கிற படிச்ச பிள்ளையள். தமிழரும் சிங்களவரும் இரண்டு பக்கமும் இருந்து கதைச்சு மனங்களை ஆத்தவேணும் எண்டு செய்யினம். வாற சனிக்கிழமை பின்னேரம் ஒரு மண்டபத்தில கூட்டம். எங்கட தீவில நேவிக்காம்புக்குப் பொறுப்பா இருந்து, படிப்படியா மேல போய், அட்மிரல் எண்டு பெரிய பதவியில இளைப்பாறின ஒருத்தர் வாறார். தன்ர வாழ்க்கையைப் புத்தகமா எழுதியிருக்கிறாராம். அவரை மேடையில இருத்தி, அந்தத் தீவில புருசனைத் துலைச்ச ஒரு மனிசியைக்கொண்டு பொன்னாடை போர்க்கவேணும் எண்டு தீர்மானிச்சிருக்கினம். அந்த மனிசி நான். "நல்ல படமா வரும் அம்மா, உலகம் முழுக்கப் பார்க்கும்" எண்டு நீ சொன்னனி. நீ சொல்லேக்க உன்ர முகத்தில ஒரு கள்ளமும் இருக்கேல்லை. அதாலதான் அந்த நேரம் உன்னோட சண்டை பிடிக்க எனக்கு மனம் வரேல்லை.

செவ்வாய்க்கிழமை உங்கட அமைப்புப் பிள்ளை ஒண்டு எனக்குப் போன் எடுத்தது. நல்ல மரியாதையான பிள்ளை. எந்த நேரம் வரவேணும், மேடையில எந்தப் பக்கத்தால ஏறவேணும் எல்லாம் சொல்லிப்போட்டு, கொஞ்சம் இழுத்து, "அன்ரி, நீங்கள் பொட்டு வைப்பீங்களா? படத்துக்காகக் கேக்கிறன்" எண்டு கேட்டிது. நான் "ஏன் பிள்ளை?" எண்டன். "இல்லை அன்ரி, எங்கட அம்மா சொன்னவ, புருசன் இல்லாத ஆக்களைப் பொன்னாடை போர்க்கக் கூப்பிடுறேல்லை எண்டு. நாங்கள் அதெல்லாம் பார்க்கிறேல்லை, சும்மா கேட்டனான்" எண்டு சொல்லிச்சுது. அந்தப் பிள்ளையில எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போனை வைச்சிட்டு அடுப்பு மூட்டினன், சோத்துக்குத் தண்ணி வைக்காமல் வெறும் பானையை வைச்சிட்டு நிண்டன். தம்பி, நீங்கள் என்னைச் சுமங்கலி எண்டு கூப்பிடுறியளோ, தாலி அறுத்தவள் எண்டு கூப்பிடுறியளோ? எனக்கே அது தெரியாது. நீ இடுப்பில இருந்த காலத்தில இருந்து எனக்கு அது தெரியாது. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டப் போய் நிண்டு, ஐயர் குங்குமத்தை நீட்டேக்க ஒவ்வொரு முறையும் என்ர கை ஒருக்கால் நிண்டுதான் போகும். இந்தப் பூமியில அதுக்கு மறுமொழி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார் எண்டால், அவர் சனிக்கிழமை உங்கட மேடையில கதிரை போட்டு இருக்கப்போறார்.

நீ காருக்குள்ள வைச்சு ஒண்டு சொன்னனி, அதுக்கும் மறுமொழி சொல்லவேணும். நான் "ஆமிக்காரன் ஆண்ட காலத்தில" எண்டு தொடங்க, நீ "அம்மா, அது மிலிட்டரி கவர்ண்மென்ற் இல்லை. எலெக்சன் இருந்தது, பார்லிமென்ற் இருந்தது" எண்டு திருத்தினனி. நீ படிச்சனி, சரியாத்தான் இருக்கும். வேற நாடுகளில ரேடியோவில பாட்டை நிப்பாட்டி, இண்டையில இருந்து இராணுவ ஆட்சி எண்டு சொல்லுவாங்களாம். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கட தீவில கடலுக்கு எத்தினை மணிக்குப் போறது, எவ்வளவு தூரம் போறது, எஞ்சினுக்கு எத்தினை போத்தல் மண்ணெண்ணெய், ஆற்ற வீட்டில விருந்தாள் வந்து நிற்கிறது, கலியாணத்துக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டலாமோ, பிணத்தை எந்தப் பாதையால கொண்டுபோறது, எல்லாம் காம்பில கேட்கவேணும். ஊர் விதானையார் கையெழுத்து வைக்கிற பேனையைக் கூடக் காம்புப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்திட்டுத்தான் திறப்பார். வோட்டுப் போட்டனாங்கள், ஓம். பெட்டிக்குப் பக்கத்தில நேவிக்காரர் துவக்கோட நிண்டவங்கள். அதுக்கு உன்ர புத்தகத்தில என்ன பேரோ அதைப் போடு. நாங்கள் அதுக்குள்ள இருந்து சமைச்சுச் சாப்பிட்டனாங்கள்.

உங்கட அட்மிரல் எங்கட தீவுக்கு வரேக்க இளம் ஆள். மெலிஞ்ச உடம்பு, வெள்ளைக் காற்சட்டை, இடது புருவத்தில ஒரு வெட்டுக்காயம். அந்தக் காயத்தை வைச்சுத்தான் நீ போனில காட்டின படத்தில நான் பிடிச்சனான். மற்றவங்களைப்போல கத்திற ஆள் இல்லை. இறங்குதுறைக் காவல் சென்றியில நிண்டு எங்கட ஆக்களோட தமிழ் பழகினவர். "வாங்கோ", "போங்கோ", "என்ன மீன்?" இதுகள்தான் முதல் வந்தது. உனக்குச் சின்னனில பிஸ்கற் தந்தவர் எண்டு சொன்னாராம், நீ அதைக் கேட்டு உருகிப்போய் நிற்கிறாய். ஓம், தந்தவர். நான் இல்லை எண்டு சொல்ல மாட்டன். ஒரு பிள்ளைப்பெத்த மனிசிக்கு இரத்தம் நிற்காமல் போக, நேவிப் படகில ஏத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். நல்லவரோ கெட்டவரோ எண்டு பார்க்கிறது என்ர வேலை இல்லை, தம்பி. நல்ல மனிசர் எண்டபடியால்தான் நான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டன். கத்திறவனிட்ட ஒருக்கால்தான் போவம்.

கடலுக்குப் போறதுக்கு அங்க ஒரு முறை இருந்தது. விடிய வெள்ளாப்பில சென்றியில அடையாள அட்டையைக் குடுத்திட்டு ஒரு தகரத் துண்டு வாங்கிக்கொண்டு போகவேணும். திரும்பி வந்து தகரத்தைக் குடுத்தால் அட்டை வரும். உன்ர கொப்பர் அந்த அட்டையை எப்பவும் மறந்துபோட்டுப் போற ஆள். நான் பின்னால ஓடிக் குடுக்கிறது. "உன்னை ஓடவைச்சுப் பார்க்கத்தானடி மறக்கிறனான்" எண்டு சொல்லும் மனிசன். மீன் பிடிக்கப் போற ஆளுக்கு மீன் தின்னத் தெரியாது, முள்ளுக்குப் பயம். நீ இண்டைக்கும் மீனைப் பிய்ச்சுப் பிய்ச்சு வெளிச்சத்தில பிடிச்சுப் பார்க்கேக்க எனக்குச் சிரிப்பு வாறது அதாலதான். அண்டைக்கு அவர் அட்டையை மறக்கேல்லை. சட்டைப்பையைத் தட்டிக் காட்டிப்போட்டுப் போனவர். கூடப் போனது பக்கத்து வீட்டுச் செல்வமக்காவின்ர ஒரே பெடியன், மீசை அப்பதான் அரும்பிக்கொண்டு வந்தது.

மத்தியானம் மற்ற வள்ளங்கள் வந்திட்டுது. எங்கட வள்ளம் வரேல்லை. நேவியின்ர படகு கிட்டப் போனதையும், வள்ளத்தைக் கட்டி இழுத்ததையும் கண்டதெண்டு அதில வந்தவை சொல்லிச்சினம். சொல்லிப்போட்டு, நாங்கள் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையுங்கோ எண்டும் சொல்லிச்சினம். நான் உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு செல்வமக்காவோட சென்றிக்கு ஓடினன். புருவக் காயக்காரர்தான் அண்டைக்குப் பொறுப்பில நிண்டவர். இரண்டு அட்டையும் அவற்ற மேசையில கிடந்தது, கொப்பற்ற முகம் மேல பார்த்தபடி. நான் கையைக் காட்டி, சிங்களத்தில ஐயாவெண்டு கூப்பிட்டு, "மாத்தையா, அது என்ர மனிசன்" எண்டன். அவர் அட்டையைப் பார்த்திட்டு, என்னைப் பார்த்திட்டு, "அட்டை இங்க இருக்கு அம்மா. எடுக்க வருவார். நாளைக்கு வாங்கோ" எண்டார். அவ்வளவு வடிவா, அவ்வளவு மரியாதையாச் சொன்னார். எங்கட தமிழில அவர் முழுசாச் சொன்ன முதல் வசனம் அதுதான் எண்டு நினைக்கிறன்.

அடுத்தநாளும் போனம். "நாளைக்கு வாங்கோ." அதுக்கு அடுத்தநாளும். காம்பு முள்ளுக்கம்பிக்கு இஞ்சால நிண்டு எட்டிப் பார்த்தால் எங்கட வள்ளம் கவிட்டுக் கிடக்கிறது தெரியும். பொங்கலுக்கு முன்பக்க அணியத்தில நான் பூசின மஞ்சள்கூடத் தெரியும். நான் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னன். அவர் திரும்பிப் பார்த்தவர். இல்லையெண்டு ஒருநாளும் சொல்லேல்லை, தம்பி. ஓமெண்டும் சொல்லேல்லை. "பார்க்கிறன் அம்மா, நாளைக்கு வாங்கோ." செல்வமக்கா அவருக்கு நாளைத்துரை எண்டு பேர் வைச்சா. பிறகு முழுத் துறையும் அந்தப் பேரைத்தான் சொன்னது. "எடியே, நாளைத்துரை சென்றியில நிற்கிறாரோ, எட்டிப்பார்" எண்டு சந்தையில வைச்சுச் சத்தமாக் கேட்பா. அவ அப்பிடித்தான். அழுறதுக்குப் போற வழியில இரண்டுபேரைச் சிரிக்கவைச்சிட்டுத்தான் போவா.

காலம் போகப்போக அவற்ற தோளில கோடு கூடிச்சுது. முழுக் காம்புக்கும் அவர் பொறுப்பானார். அதுக்குப் பிறகு சென்றிக்கு வாறேல்லை. "நாளைக்கு வாங்கோ" எண்டு சொல்ல வேற ஒருத்தனை விட்டிருந்தார், அவனுக்கு அந்த மரியாதை வரேல்லை. அந்தக் காலத்திலதான் பொன்னாடை தொடங்கினது. கோயில் தேருக்கு வேட்டி கட்டி, வெறும் மேலோட வந்து கைகூப்பி நிண்டவர். தர்மகர்த்தா வெத்திலை பாக்கு வைச்ச காளாஞ்சி குடுத்துப் பொன்னாடை போர்த்தவர். பாவம் தர்மகர்த்தா, அவருக்குத் தேரை வெளிவீதிக்கு இழுக்க அனுமதி வேணும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வந்தவர், அதிபர் போர்த்தவர். அதிபருக்கு இரண்டு வகுப்பறையில இருந்து மணல்மூட்டையை எடுக்கவேணும். மீன்பிடிச் சங்கத் தலைவர் போர்த்தவர், அவருக்கு மண்ணெண்ணெய் வேணும். செல்வமக்கா கூட்டத்துக்குள்ள நிண்டு என்ர காதுக்குள்ள, "பிள்ளை, உந்தாளுக்குப் போர்த்த சால்வையளை ஒண்டாச் சேர்த்துத் தைச்சால் ஒரு வள்ளத்துக்குப் பாய் கட்டலாமடி" எண்டா. நாங்கள் ஒருத்தரும் அன்பில போர்க்கேல்லை, தம்பி. அனுமதிப் பாஸுக்குப் போர்த்தது. எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அது. வாயைத் திறந்து கேட்டால் அடிப்பான், சால்வையைப் போர்த்திட்டுக் கேட்டால் அடிக்க வெட்கப்படுவான். ஆனால் போர்த்துக்கொண்டு நிண்டவருக்கு அது தெரியேல்லை. அவர் அதைக் கழுத்தில போட்டுக்கொண்டு, சனம் என்னில எவ்வளவு பாசம் எண்டு நினைச்சிருக்கிறார்.

அப்பிடித்தான் நினைச்சவர் எண்டு எனக்கு நீதான் காட்டித் தந்தனி. போன கிழமை உன்ர வீட்டுச் சோபாவில இருந்து அந்தப் புத்தகத்தில எங்கட தீவு வாற பக்கத்தை எனக்குத் தமிழில சொல்லிக்கொண்டு வந்தனி. "பாருங்கோ அம்மா, உங்கட ஊரைப் பற்றி எவ்வளவு நல்லா எழுதியிருக்கிறார்." ஒரு இடத்தில, தான் மாற்றலாகிப் போன அண்டைக்கு இறங்குதுறையில பொம்பிளையள் நிண்டு அழுதவை, அந்தக் கண்ணீர்தான் தன்ர வாழ்க்கையில வாங்கின பெரிய பதக்கம் எண்டு எழுதியிருக்கிறாராம். நீ அதை வாசிக்கேக்க உன்ர குரல் தளும்பிச்சுது. நான் எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டன். நீ நான் தேத்தண்ணி போடப் போனன் எண்டு நினைச்சாய்.

தம்பி, அந்த அழுத பொம்பிளையளில நானும் ஒருத்தி. நீ என்ர சீலைத்தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டனி. செல்வமக்கா நிண்டவ. எங்களைப்போல இன்னும் கொஞ்சப்பேர் நிண்டவை, எல்லாரும் ஆரையோ காம்பில கேட்டுத் திரிஞ்சவை. நாங்கள் ஏன் அழுதனாங்கள் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. எங்களுக்கு "நாளைக்கு" எண்டு சொன்ன ஒரே ஆள் அவர். அவர் படகில ஏறிப்போறார் எண்டால் அந்த நாளையும் அவரோட ஏறிப்போகுது. அட்டை தன்ர மேசையில கிடந்தது எண்டு தெரிஞ்ச ஆள், வள்ளத்தைத் திரும்பிப் பார்த்த ஆள் போறார். இனி ஆரிட்டப் போய்க் கேட்கிறது? அதுக்குத்தான் தலையில அடிச்சு அழுதனாங்கள். செல்வமக்கா தண்ணிக்குள்ள முழங்கால் மட்டும் இறங்கி, "மாத்தையா, சொல்லிப்போட்டுப் போங்கோ, செத்ததெண்டால் செத்ததெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ" எண்டு கத்தினவ. எஞ்சின் சத்தம். அவர் படகில நிண்டு கையை நெஞ்சில வைச்சு எங்களுக்குக் கும்பிட்டவர். அதைத்தான் அவர் பதக்கம் எண்டு குத்தி வைச்சிருக்கிறார். எங்கட கேள்வியைக் கழட்டி எடுத்துத் தன்ர சட்டையில குத்திக்கொண்டு போயிட்டார்.

அதுக்குப் பிறகு நானும் நீயும் இஞ்ச கனடாவுக்கு வந்து சேர்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் ரெக்ஸ்டேல்ல மீன் பக்கிங் செய்யிற இடத்தில நிண்டன். குளிரறைக்குள்ள நிண்டு முள்ளெடுத்த மீனைத் தட்டில அடுக்கிறது. கொப்பர் கண்டிருந்தால் இந்த நாட்டில முள்ளில்லாத மீன் வருதோடி எண்டு சந்தோசப்பட்டிருப்பார். அந்த இடைவேளைகளில தமிழ்ப் பேப்பரைப் பார்ப்பன். ஒருநாள் பார்த்தால் அவற்ற படம், தோளில தங்கம் நிறைய. சண்டை முடிஞ்ச கையோட இன்னும் மேல தூக்கியிருக்கிறாங்கள். பிறகு யூனிபோமைக் கழட்டிப்போட்டு வெள்ளைச் சேட்டோட நிற்கிறார், எங்கட கரையோர மீன்பிடியைத் திரும்பக் கட்டி எழுப்புறதுக்கு அவர்தானாம் பெரியவர். அதையும் பார்த்திட்டு நான் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போனன். சேட்டை மாத்தினால் ஆட்சி மாறினது எண்டு நினைக்கிறதுக்கு எனக்குப் படிப்புக் காணாது. பிறகு வெளிநாட்டில ஒரு பதவி. இப்ப புத்தகம். ஒரு மனிசன் ஏறக்கூடிய படி எல்லாம் ஏறியிட்டார். ஒவ்வொரு படியிலயும் ஆரோ போர்த்துவிட்டிருக்கினம். கடைசிச் சால்வையை நான் போர்த்தால் புத்தகம் முடியும். அதுக்குத்தான் என்னைத் தேடினவை எண்டு எனக்கு விளங்குது. உனக்கு விளங்கேல்லை. அது உன்ர பிழை இல்லை, நீ நல்ல மனசில ஓடித்திரியிறாய்.

இதையெல்லாம் சின்னனில உனக்குச் சொல்லாமல் விட்டதுக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டன். நீ பள்ளிக்கூடத்தில சிரிச்சுக்கொண்டு இருக்கவேணும் எண்டு விட்டனான். நீ சிரிச்சனி. அது எனக்குக் காணும்.

போன மாசம் செல்வமக்காவைக் கொண்டுபோய் எரிச்சம். நீயும் வந்து பெட்டியில கை வைச்சனி. எங்களைப்போல இஞ்ச வந்த பிறகும் அவ மகனுக்கு எண்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சேட்டு வாங்கி வைக்கிறவ. அவனுக்கு இப்ப என்ன சைஸ் எண்டு தெரியாமல், "தொப்பை வைச்சிருப்பானோடி, தேப்பனைப்போல?" எண்டு என்னைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வருசமும் ஒரு சைஸ் பெருசா எடுப்பா. கடைசியா ஆசுப்பத்திரியில மூச்சு வாங்கேக்க என்ர கையைப் பிடிச்சு, "நாளைத்துரை இன்னும் இருக்கிறாரோ?" எண்டு கேட்டா. நான் தெரியாது அக்கா எண்டன். எனக்கு அப்ப உண்மையாத் தெரியாது. "இருக்கட்டும். சாகக்கூடாது. அந்தாள் செத்தால் எங்கட பெடியளும் செத்த மாதிரி" எண்டா. அந்தக் கிழமைதான் நீ விளம்பரத்தோட வந்தனி. செல்வமக்கா இருந்திருந்தால் உன்ர காதைப் பிடிச்சுத் திருகியிருப்பா. நான் உன்ர தாய், என்னால எழுதத்தான் முடியும்.

நீ என்னை "மூவ் ஓன் பண்ணுங்கோ அம்மா" எண்டு சொல்லுறாய். தம்பி, நான் கடல் தாண்டி, இரண்டு பெரிய குளிர்நாடு தாண்டி, உன்னைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனான். உனக்கு முன்னால நான் எத்தினை இடம் நகர்ந்தனான். நகராமல் நிற்கிறது நான் இல்லை, அந்தக் கேள்வி. அதை நகர்த்த ஒருத்தரால ஏலும். மன்னிக்கவேணும் எண்டும் சொல்லுறாய். அவர் என்னட்டை மன்னிப்புக் கேட்டவரோ? உன்னோட ரெஸ்ரோறன்ற்ல இருந்து சாப்பிட்டுக்கொண்டு, "அந்தக் காலம் எல்லாருக்கும் கஸ்டம்" எண்டு சொன்னாராம். அது மன்னிப்பு இல்லை, அது மழை பெய்தது எண்டு சொல்லுற மாதிரி. உனக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான்: நாளைக்கு நீ கலியாணம் கட்டுவாய், பிள்ளை பெறுவாய், ஆரோடயும் சமாதானமா இரு, சிங்களப் பிள்ளையைக் கட்டினாலும் நான் ஆரத்தி எடுப்பன், அவையோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் உன்ரதில்லாததை நீ எடுத்து ஒருத்தருக்கும் குடாதை. என்ர மன்னிப்பு என்ர பெட்டிக்குள்ள இருக்கு. அதை நீ எடுத்துக்கொண்டுபோய் மேடையில விரிக்கேலாது. படம் வடிவா வரும் எண்டதுக்காக ஒரு காரியமும் செய்யாதை. எங்கட அதிபரும் தர்மகர்த்தாவும் பயத்தில போர்த்தவை. நீங்கள் பயமில்லாத நாட்டில இருந்துகொண்டு, கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, ஏன் போர்க்கிறியள்?

நீ இதை வாசிச்சிட்டு, அம்மா வரமாட்டா, வேற ஆளைப் பார்ப்பம் எண்டு நினைக்காதை. நான் வருவன். நீ கார் கொண்டுவரவும் வேண்டாம், பஸ்ஸில வந்திடுவன், எனக்கு வழி தெரியும். அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு, அன்ரி பொட்டு வைச்சுக்கொண்டுதான் வருவா, பெரிய பொட்டா வைச்சுக்கொண்டு வருவா எண்டு. முன் வரிசையில இருப்பன். ஒலிவாங்கி உன்ர கையில இருக்கும். என்ர பேரைக் கூப்பிடுறதும் கூப்பிடாமல் விடுறதும் உன்ர விருப்பம், உனக்கு வேலை இருக்கு, சிநேகிதர் இருக்கினம், எனக்கு விளங்கும். கூப்பிடாமல் விட்டால் நான் பேசாமல் இருந்து பார்த்திட்டு வந்திடுவன், உன்னில ஒரு மனக்குறையும் வைக்கமாட்டன்.

கூப்பிட்டால் ஏறி வருவன். தட்டில இருக்கிற பொன்னாடையைக் கையில எடுப்பன். அவர் எழும்பி, பழக்கத்தில, தலையைக் குனிவார். அந்தப் புருவக் காயத்தைக் கிட்டப் பார்ப்பன். பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பன், அவருக்கு விளங்கிற தமிழில: "மாத்தையா, அந்த இரண்டுபேரும் எங்க?" அவர் சொன்னால், எல்லாருக்கும் முன்னால உள்ளதைச் சொன்னால், அந்த இடத்திலேயே என்ர கையால போர்த்துவன். பொட்டை அழிக்கவேணும் எண்டால் அந்த மேடையிலேயே அழிப்பன். என்ர வாக்கு அது, பேப்பரிலயும் எழுதிப்போட்டன்.

சொல்லாட்டில், சிரிச்சு மழுப்பினால், "பார்க்கிறன் அம்மா" எண்டு தொடங்கினால், நான் கோபப்பட மாட்டன். சத்தம் போட மாட்டன். நீ தலைகுனியிற மாதிரி ஒண்டும் நடக்காது. அவர் குனிஞ்சபடி நிற்க, விரிச்ச பொன்னாடையைத் திரும்ப நாலா மடிச்சு நெஞ்சோட வைச்சுக்கொண்டு, எங்கட இறங்குதுறையில அவர் எங்களிட்டப் பழகின அதே தமிழில, அதே மரியாதையோட சொல்லிப்போட்டு இறங்கி வருவன்:

"நாளைக்கு வாங்கோ."

உன்ர அம்மா